சாலைக் கிணறு கற்பிக்கும் பாடம்

காஞ்சி மாநகரின் தென்மேற்கே, பாலாற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் செவிலிமேடு. பட்டுத்தறியின் ஓசை கேட்கும் தெருக்களும், லக்ஷ்மி நரசிம்மர் சந்நிதியும், ஆற்றைத் தாண்டி வந்தவாசிக்குச் செல்லும் சாலையும் உடையது. ஒரு காலத்தில் தனிப் பேரூராட்சியாக விளங்கிய இவ்வூர் இப்பொழுது காஞ்சிபுரம் மாநகராட்சியின் பகுதியாகிவிட்டது. வைஷ்ணவ உலகில் இவ்வூரின் பெயர் நிலைத்திருப்பதற்குக் காரணம் இங்குள்ள ஒரு கிணறு. அதற்குச் சாலைக் கிணறு என்று பெயர்.

அக்கிணற்றின் வரலாற்றைக் குருபரம்பரை நூல்கள் இவ்வாறு கூறுகின்றன. ஸ்ரீ ராமானுஜர் இளம் வயதில் யாதவப் பிரகாசர் என்னும் ஆசிரியரிடம் வேதாந்தம் பயின்றுவந்தார். மாணாக்கரின் புத்திக் கூர்மை ஆசிரியருக்குப் பொறாமையை விளைவித்தது. காசி யாத்திரை என்று சொல்லிச் சீடர்களை அழைத்துச் சென்று, ராமானுஜரைக் கங்கையில் மூழ்கடித்துவிடுவது என்று அவர் எண்ணங்கொண்டார். சீடர் கூட்டத்தில் ராமானுஜரின் சிற்றன்னை மகனான கோவிந்தரும் இருந்தார். சதியை அறிந்துகொண்ட அவர், விந்திய மலைக் காட்டில் சமயம் பார்த்து ராமானுஜரிடம் செய்தியைச் சொல்லித் தப்பிப் போகச் செய்தார். திக்குத் தெரியாத காட்டில் தனித்து நின்ற இளைஞருக்கு ஒரு வேடனும் வேடுவச்சியும் வழித்துணையாக வந்தார்கள். இரவு கழிந்து பொழுது புலர்ந்ததும் வேடுவச்சி தாகம் என்றாள். அருகிலிருந்த கிணற்றிலிருந்து ராமானுஜர் நீர் மொண்டு வந்து கொடுத்தார். மறுபடியும் மொண்டு வருவதற்குள் இருவரும் மறைந்துவிட்டனர். நிமிர்ந்து பார்த்தால், எதிரே காஞ்சி வரதனின் விமானம்! வந்தவர்கள் பெருமாளும் பிராட்டியுமே என்று தெளிந்த அவர், பின்னர் அந்தக் கிணற்றிலிருந்தே நாள்தோறும் வரதனுக்குத் தீர்த்தம் சுமந்து சென்றார் என்பது வரலாறு.

இதனைத் தெய்வத்தின் கருணைக்குச் சான்றாகக் கொள்வது பெரியோர் மரபு. அதை மாற்றிச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. ஆயினும், பிறர் வீட்டுப் பிள்ளைகளை வெளியூருக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்றவர்கள் இக்கதையில் வேறொரு பாடத்தையும் காணலாம். ஆசிரியர் ஒருவர் மாணாக்கரைக் கூட்டமாக அழைத்துச் சென்ற யாத்திரை அன்றோ இது? அதில் ஒரு மாணாக்கரின் உயிர் போக இருந்தது. அவரைக் காத்தவை எவை? அபாயத்தை மறைக்காமல் சொன்ன தோழன் ஒன்று. வழியறிந்த துணை மற்றொன்று. நீரில் முடிய இருந்த யாத்திரை, தாகத்துக்கு நீர் மொண்டு கொடுத்த தொண்டில் முடிந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. தோழன், வழி, நீர் என்னும் இம்மூன்றையும் ஒழுங்கு செய்துகொண்டால், நமது சாரணச் சிறுவர் சிறுமியரின் யாத்திரைகளில் அபாயம் பெரும்பாலும் நீங்கிவிடும். மகிழ்ச்சியோ இரு மடங்காகும். இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

போராடிப் பெற்ற உரிமை

1907-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரௌன்ஸீ என்னும் சிறு தீவில், பேடன் பவல் என்ற படைத்தலைவர் சுமார் 20 சிறுவர்களைக் கொண்டு ஒரு பாசறை நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தனர். அவர்களை 4 அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். உலகெங்கும் பரவிய சாரணர் இயக்கத்துக்கு இதுவே வித்து.

1909-இல் பெங்களூரில் அவ்வியக்கம் நம் நாட்டில் காலடி எடுத்து வைத்தபொழுது, அது ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இந்நாட்டுப் பிள்ளை இந்நாட்டு மலையில் ஏறுவதற்கும், இந்நாட்டு ஆற்றங்கரையில் கூடாரம் அடிப்பதற்கும் அதில் இடமில்லை! இந்த அநீதியைப் பொறாத அன்னி பெஸன்ட் அம்மையார், அருண்டேல் துரையின் துணையுடன் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று சாரணர் சங்கம் தொடங்கினார். வடக்கே பண்டித மதன்மோகன் மாளவியா, ஹ்ருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் 1918-இல் ஸேவா ஸமிதிச் சாரணர் சங்கத்தை நிறுவினர். சுதந்திரத்துக்குப் பின், பிரிந்து கிடந்த சங்கங்கள் 1950 நவம்பர் 7-ஆம் தேதி ஒன்றுகூடின. அதுவே இன்றைய பாரத சாரண சாரணிய இயக்கம். ஆகவே, சீருடையும் கழுத்துத் துணியும் அணிந்து நம் பிள்ளைகள் வரிசையாக நடந்து செல்வது வெறும் பொழுதுபோக்கு அன்று. பெரியோர் வாதாடிப் பெற்றுத் தந்த உரிமை.

இவ்வுரிமைக்கு இன்று இரண்டு பகைகள் உண்டு. ஒன்று அலட்சியம். மற்றொன்று, அலட்சியத்தின் விளைவைக் கண்டு பிறக்கும் அச்சம்.

1912 ஆகஸ்டு மாதம், தேம்ஸ் நதி கடலோடு கலக்கும் லேஸ்டௌன் என்ற இடத்துக்கருகே, லண்டன் சாரணர்களை ஏற்றிச் சென்ற பாய்மரப் படகு திடீர்க் காற்றில் கவிழ்ந்து 9 சிறுவர்கள் மாண்டனர். 2007 பிப்ரவரியில் கேரளத்தின் தட்டேக்காட்டில், பள்ளிச் சுற்றுலா சென்ற படகு மூழ்கி 15 மாணவர் உட்பட 18 பேர் உயிரிழந்தனர். அப்படகில் அளவுக்கு மிஞ்சி ஆட்கள் ஏற்றப்பட்டிருந்தனர். 2024 ஜனவரியில் வடோதரா நகரத்து ஹர்ணி ஏரியில் 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் அவ்வாறே மாண்டனர்; பலருக்கு உயிர் காக்கும் மிதவைச் சட்டை அணிவிக்கப்படவில்லை. முதல் விபத்துக்கும் கடைசி விபத்துக்கும் இடையே நூறு வருஷத்துக்கு மேல் சென்றுவிட்டது.

இத்தகைய செய்தி பத்திரிகையில் வந்ததும் என்ன நடக்கிறது? “இனி எங்கும் போக வேண்டாம்” என்று பல வீடுகளிலும் பள்ளிகளிலும் கட்டளை பிறக்கிறது. சில மாதம் கழிந்ததும் கட்டளை மறந்துபோய், பழைய அலட்சியமே மீள்கிறது. இரண்டாலும் பிள்ளைகளுக்கு நன்மை இல்லை. நீந்தத் தெரியாமல், வழி கேட்கத் தெரியாமல், காயத்துக்குக் கட்டுப்போடத் தெரியாமல் வளர்கிறவன் வீட்டுக்குள் இருக்கும் வரையில்தான் பத்திரமாக இருப்பான். என்றேனும் ஒருநாள் வாசற்படியைத் தாண்டித்தானே தீர வேண்டும்?

காஞ்சியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பட்டுத் தறிக் குழியில் சிறு பிள்ளைகளை உட்கார்த்திவைத்து வேலை வாங்கிய வழக்கம் இந்நகரில் பல காலம் இருந்தது. அதை ஒழிப்பதற்கு அரசாங்கமும் தொண்டர்களும் அரும்பாடு பட்டனர். தறியிலிருந்து விடுபட்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்து நான்கு சுவர்களை மட்டும் காட்டினால் போதுமா? திறந்த வானத்தையும் காட்ட வேண்டாமா?

முதலாவது: தோழன்

சாரணர் முறையின் உயிர்நாடி அணி. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்டது ஓர் அணி. அதற்கு ஓர் அணித் தலைவன். ஆசிரியர் 30 பிள்ளைகளையும் தாமே கண்காணிக்க முயன்றால், ஒருவரையும் சரியாகக் கண்காணிக்க மாட்டார். அணித் தலைவனோ ஏழு பேரைத் தன் கைவிரல்களைப் போல் அறிவான். ஆனால் பதவி மட்டும் கொடுத்துவிட்டு வேலை கொடுக்காவிட்டால் அவன் வெறும் பொம்மையே. எங்கே போவது, என்ன சமைப்பது, யார் எதைச் சுமப்பது என்பனவற்றை அணித் தலைவர்களின் சபையே கூடி முடிவு செய்யட்டும். ஆசிரியர் யோசனை சொல்லலாம். உயிருக்கு அபாயமான விஷயத்தில் மாத்திரம் அவர் சொல்லே முடிவு. செவிலிமேட்டுக்குத் தெற்கே பாலாற்றுக்கு அப்பால் உள்ள உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், குடவோலை முறையால் கிராம சபைக்கு ஆள் தேர்ந்த விதிகள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குச் சபை கூடி முடிவு செய்வது புதிய வித்தையா என்ன?

அணிக்குள்ளே இருவர் இருவராக இணை சேர்க்க வேண்டும். இணையில் ஒருவன் மற்றவன் எங்கே இருக்கிறான் என்று எந்நேரமும் சொல்லக் கூடியவனாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுத்து, புறப்படும்போதும், வண்டி ஏறும்போதும், இறங்கும்போதும், நீர்நிலையை விட்டு நகரும்போதும் வரிசையாக எண் சொல்லச் செய்க. தலையைத் தொட்டு எண்ணுவதைவிட இது விரைவில் முடியும்; தவறும் குறையும். பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டாகவும் இருக்கும்.

கோவிந்தர் செய்த பேருதவி வேறொன்றையும் நினைவூட்டுகிறது. பெரியவர் ஒருவரின் எண்ணம் தீயது என்று தெரிந்தபொழுது, “குருவைப் பற்றி எப்படிச் சொல்வது?” என்று அவர் வாய்மூடி இருக்கவில்லை. இந்தத் துணிவை நாம் பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் தனித்திருக்கலாகாது. எப்பொழுதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் உடன் செல்ல வேண்டும். சிறுமியர் செல்லும் யாத்திரையில் பெண் ஆசிரியை இன்றியமையாதவர். பிள்ளைகள் உறங்கும் இடமும் பெரியவர்கள் உறங்கும் இடமும் வேறாக இருக்க வேண்டும். இவை எவரையும் சந்தேகிப்பதற்காக ஏற்பட்ட விதிகள் அல்ல. நல்லவருக்கு இவற்றால் பழிச்சொல் வாராது. தீயவருக்கு வாய்ப்புக் கிட்டாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் வருஷச் சட்டப்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். 1098 என்னும் தொலைபேசி எண் குழந்தைகளின் உதவிக்கென்றே இருக்கிறது. அதைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் மனப்பாடமாக அறிந்திருக்கட்டும்.

இரண்டாவது: வழி

செவிலிமேட்டுச் சாரணர் படை ஒன்று ஒருநாள் யாத்திரை போவதாக வைத்துக்கொள்வோம். எங்கே போகலாம்?

குருளையர் எனப்படும் சிறு பிள்ளைகளுக்குத் தூரம் கூடாது. காஞ்சியின் மேற்கு எல்லையில் உள்ள கைலாசநாதர் கோயிலே போதும். ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்து 1,300 வருஷம் ஆகிறது. பிராகாரத்தைச் சூழ்ந்திருக்கும் 58 சிறு சந்நிதிகளையும் எண்ணிச் சரியான விடை சொல்லும் அணிக்கு ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் என்று அறிவித்தால், பிள்ளைகள் அக்கோயிலை ஆயுள் முழுவதும் மறவார்.

பெரிய பிள்ளைகளுக்கு மாமண்டூர் ஏற்றது. செவிலிமேட்டுப் பாலத்தால் பாலாற்றைக் கடந்து, வந்தவாசிச் சாலையில் தூசி கிராமத்தை ஒட்டிச் சென்றால் திருவண்ணாமலை மாவட்டத்தின் எல்லைக்குள் அவ்வூர் வரும். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தைச் சேர்ந்த குடைவரைகள் நான்கு அங்கே குன்றின் முகத்தில் இருக்கின்றன. ஒன்றில், அவ்வரசன் இயற்றிய மத்தவிலாசம் என்னும் நாடகத்தைக் குறிப்பிடும் சிதைந்த கல்வெட்டு உண்டு. பக்கத்திலே கடல்போல் ஓர் ஏரி. சித்திரமேகத் தடாகம் என்று பழைய கல்வெட்டில் பெயர் பெற்றது. மழைக்காலம் கழிந்து தை, மாசி மாதங்களில் போனால் ஏரியில் நீரும், நீரை நாடிய பறவைகளும், நடப்பதற்கு இதமான வெயிலும் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் இடியும். சித்திரையில் அக்கினி நட்சத்திரம். அம்மாதங்களில் இந்த யாத்திரை வேண்டாம்.

இடத்தைத் தேர்ந்துவிட்டால் போதாது. படத்தில் தெரியும் தூரத்தை நம்பாமல், பொறுப்பாளர் முன்னதாக ஒருமுறை அதே வழியில், அதே கிழமையில், அதே நேரத்தில் நடந்து பார்த்து வர வேண்டும். குடிநீர் எங்கே கிடைக்கும்? நிழல் எங்கே உண்டு? பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை வசதி உண்டா? லாரிகள் எந்த நேரத்தில் மிகுதி? அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரி எது? தொலைபேசி எங்கே பேசும், எங்கே பேசாது? இவற்றுக்கெல்லாம் விடை, கால்நடையாகச் சென்றவருக்கே தெரியும். வேடன் வழிகாட்டியதும் காட்டை நடந்து அறிந்ததனால் அன்றோ?

நெடுஞ்சாலையில் நடைபாதை இல்லாத இடத்தில், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியுமாறு சாலையின் வலப்புறமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். முன்னே ஒரு பெரியவர், பின்னே ஒரு பெரியவர். மிக மெதுவாக நடக்கும் பிள்ளையை வரிசையின் முன்புறத்தில் வைப்பது பழைய சாரண வழக்கம். அவனுடைய நடையே அனைவருடைய நடையாகிவிடும். கடைசியில் விட்டால் அவன் பின்தங்கிப் பின்தங்கி மனமுடைந்து போவான். போகும்போது நடந்து, திரும்பும்போது பஸ் ஏறுவது உத்தமம். வாடகை வண்டி என்றால், ஓட்டுநரின் லைசென்ஸையும் வண்டியின் தகுதிச் சான்றையும் முன்னாள் மாலையிலேயே பார்த்துவிட வேண்டும். இருக்கைக்கு மேல் ஒரு பிள்ளை கூட ஏறக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, திரும்பும் நேரத்தை முன்னரே முடிவு செய்துகொள்வது. “எந்த இடத்தில் இருந்தாலும் 11 மணிக்குத் திரும்பிவிடுவோம்” என்று புறப்படும் முன் எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டால், பிறகு பிள்ளைகளின் கெஞ்சலுக்கும் பெரியவர்களின் வீம்புக்கும் இடமில்லை. வானம் கறுத்தால் யாத்திரையை நிறுத்துவதற்கும் ஒருவருக்கு முழு அதிகாரம் இருக்க வேண்டும். அவ்வாறு நிறுத்தியவரைக் கோழை என்று ஏசாத வழக்கம் படையில் வேரூன்ற வேண்டும்.

மூன்றாவது: நீர்

தாகத்துக்கு நீர், அபாயத்துக்கும் நீரே.

ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது 2 லிட்டர் குடிநீர் கொண்டுவரட்டும். தாகம் எடுக்கும் வரையில் காத்திராமல், அரை மணிக்கு ஒருமுறை எல்லோரும் நின்று குடிக்க வேண்டும். வெயிலில் தலைசுற்றலும் வாந்தியும் கண்டவரை நிழலில் படுக்கவைத்து, உடலை நனைத்து விசிற வேண்டும். பேதி கண்டால், 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 சமதளத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பேச்சுக் குழறினாலோ, நினைவு தப்பினாலோ, தாமதியாமல் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றலாகாது.

இனி ஆற்றுநீர். பாலாறு பெரும்பாலான நாட்களில் மணலாறு. “இதில் என்ன அபாயம்?” என்று தோன்றும். ஆனால் மணல் அள்ளிய பள்ளங்களில் தேங்கிய நீரின் ஆழம் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. முழங்கால் அளவில் தொடங்கும் நீர் அடுத்த அடியில் ஆளை விழுங்கிவிடும். வெள்ளம் வந்தாலோ, அதே பாலாறு வேறு உருவம் கொள்ளும். 1903 நவம்பரில் வாணியம்பாடியில் அது எத்தனையோ உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. 2021 நவம்பரில் இரு கரையும் தழுவி ஓடியதைக் காஞ்சி மக்கள் கண்ணாரக் கண்டார்கள். ஹிமாசலப் பிரதேசத்தில் 2014 ஜூன் மாதம், பியாஸ் ஆற்றுப் பாறைகள்மேல் நின்றுகொண்டிருந்த ஹைதராபாத் கல்லூரி மாணவர் 24 பேரை, அணையிலிருந்து திடீரென்று திறந்துவிடப்பட்ட நீர் கொண்டுபோயிற்று. சற்றுமுன் வரையில் அவர்களும் அதை அமைதியான ஆறு என்றே எண்ணியிருப்பார்கள்.

ஆகையால் விதி இதுதான்: நடை யாத்திரையில் எவரும் நீரில் இறங்கலாகாது. கால் நனைப்பதும் இல்லை. நீச்சல் வேண்டுமானால், அதற்கென்று தனி நாளும், ஆழம் அறிந்த குளமும், கரையில் தேர்ந்த நீச்சல்காரரும் வேண்டும். படகு ஏறினால், மிதவைச் சட்டை அணியாத பிள்ளை ஒன்று இருக்கும் வரையில் படகு நகரக் கூடாது. மூழ்குகிறவர் கூவி அழைப்பார் என்று எண்ணுவது தவறு. பெரும்பாலும் ஓசையே இன்றி மூழ்கிவிடுவார். அவரைக் காக்கக் குதிப்பவரும் சேர்ந்து மூழ்குவது நாம் அடிக்கடி கேட்கும் செய்தி. கயிறு, மூங்கில், வேஷ்டி, எது கையில் அகப்பட்டாலும் அதைக் கரையிலிருந்தே நீட்டவோ எறியவோ பிள்ளைகளைப் பழக்க வேண்டும். சாரணன் கற்கும் முடிச்சுகளுக்கு இதைவிட மேலான பயன் வேறு என்ன?

நீரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை மேலும் இரண்டு. ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் பாம்பு உண்டு. கடிபட்டால், இறுகக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீங்கையே விளைக்கும். கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்து, மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றி, நடக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில், 1978-இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பிலிருந்து எடுக்கும் விஷமே விஷமுறி மருந்து செய்யப் பயன்படுகிறது என்ற செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாம்பின்மேல் உள்ள மூட அச்சமும், அத்தொழில் செய்யும் மக்கள்மேல் உள்ள மூட இகழ்ச்சியும் ஒருங்கே நீங்கும். மற்றொன்று மலைத்தேனீ. பாறை முகப்பில் கூடு கட்டும் அவை, புகையாலும் கூச்சலாலும் சீற்றங்கொள்ளும். குடைவரை அருகே அடுப்பு மூட்டுவதும் கல் எறிவதும் கூடவே கூடாது. இடியோசை கேட்டால் ஏரிக்கரையையும் ஒற்றை மரத்தடியையும் விட்டு, கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ சென்றுவிட வேண்டும்.

மகிழ்ச்சிக்குக் குறைவேது?

இவ்வளவு விதிகளுக்கு நடுவே பிள்ளைகளுக்குச் சந்தோஷம் எங்கே என்று கேட்கலாம். அலையும் கைக்கு வேலையும், அலையும் மனத்துக்கு விளையாட்டும் இருந்தால், பிள்ளை அபாயத்தைத் தேடிப் போகமாட்டான். விபத்துகள் பெரும்பாலும் செய்வதற்கு ஒன்றுமில்லாத வேளையிலேயே நிகழ்கின்றன.

கிம் விளையாட்டு என்று ஒன்று உண்டு. பல பொருள்களை ஒரு நிமிஷம் காட்டி மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொல்வார்கள். அதையே குடைவரைத் தூணுக்கு முன்னே நிறுத்தி ஆடலாம்: ஒரு நிமிஷம் பார், திரும்பி நின்று, கண்டதைச் சொல். ஒரு கோலின் நிழலையும் பனைமரத்தின் நிழலையும் அளந்து மரத்தின் உயரத்தைக் கணக்கிடலாம். வகுப்பில் கசந்த கணக்கு வயலில் இனிக்கும். ஏரியில் எத்தனை வகைப் பறவை என்று அணிக்கு அணி போட்டியிடலாம். கழுத்துத் துணியை முக்கோணக் கட்டாக்கி, “கை முறிந்த” தோழனுக்குத் தொட்டில் கட்டிவிடலாம். நாடகம் எழுதிய அரசன் குடைந்த குகைக்கு முன்னால், பிள்ளைகள் தாமே புனைந்த ஐந்து நிமிஷ நாடகம் ஒன்று நடித்தால் அவன் ஆன்மா மகிழாதா?

சோற்று மூட்டை விஷயத்தில் காஞ்சிக்கு இணை காஞ்சியே. மந்தாரை இலை பரப்பிய குடலையில் வேகவைத்த, மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் இட்லி இவ்வூரின் பெருமை, எளிதில் கெடாது. புளியோதரையும் தாங்கும். தேங்காய்ச் சட்னியும் பாலில் செய்த பண்டங்களும் வெயிலில் கெட்டுவிடும், அவை வேண்டாம். எல்லார் மூட்டையையும் அணிக்குள் ஒன்றாகப் பிரித்துப் பகிர்ந்து உண்ணட்டும். பணம் கட்ட இயலாத காரணத்தால் ஒரு பிள்ளையும் வீட்டில் நிற்கலாகாது. படையின் பொது உண்டியலிலிருந்து, பெயர் வெளிவராமல் அச்செலவைச் செய்துவிட வேண்டும். நெசவாளர் மகனும் வக்கீல் மகளும் ஒரே இலையில் பகிர்ந்து உண்ணும் காட்சியைவிடச் சிறந்த தேசியப் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

யாத்திரைக்கு ஒரு வாரம் முன்பாக, இடம், வழி, புறப்படும் நேரம், திரும்பும் நேரம், உடன் செல்லும் பெரியவர்களின் பெயர், தொலைபேசி எண் ஆகியவை எழுதிய கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் கேளுங்கள். கேட்பதை மரியாதைக் குறைவாக எந்த நல்ல ஆசிரியரும் எண்ணமாட்டார். நீங்களும் உங்கள் பங்கைச் செய்ய வேண்டும். பிள்ளைக்கு மூச்சிரைப்பு உண்டா, வலிப்பு உண்டா, எந்த உணவோ மருந்தோ ஒத்துக்கொள்ளாது, நீந்தத் தெரியுமா என்பனவற்றை வெட்கப்படாமல் உண்மையாக எழுதி அனுப்புங்கள். “சொன்னால் அழைத்துப் போகமாட்டார்களோ” என்று மறைப்பதால் நேரும் தீங்குக்கு எவரும் பரிகாரம் செய்ய இயலாது. சாரண ஆசிரியரும், எல்லாப் பிள்ளைகளின் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிய தாளைச் சட்டைப் பையில் வைத்திருப்பதுடன், அதன் பிரதி ஒன்றை ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துச் செல்ல வேண்டும். குறித்த நேரத்துக்குப் படை திரும்பாவிட்டால் விசாரிக்க வேண்டியவர் அவர்.

நம் நாட்டில் வீட்டை விட்டுப் புறப்படுகிறவர் “போகிறேன்” என்று சொல்வதில்லை. “போய் வருகிறேன்” என்கிறார். அணி வகுத்து நிற்கும் சாரணப் படையும் அச்சொல்லையே சொல்லிப் புறப்படுகிறது. அதில் “போய்” என்பது பிள்ளைகளின் உற்சாகம். அது தானே நடக்கும். “வருகிறேன்” என்பது பெரியவர்களாகிய நாம் கொடுக்கும் வாக்கு. முன்னதாக நடந்து பார்த்த வழியும், எழுதிவைத்த தாளும், எண்ணிச் சரிபார்த்த வரிசையும் அவ்வாக்கைக் காப்பாற்றும் சாதனங்கள்.

தை பிறக்கப் போகும் நாளை எண்ணி, மார்கழியிலேயே அணித் தலைவர்களின் சபையைக் கூட்டுங்கள். முதல் கூட்டத்தைச் சாலைக் கிணற்றங்கரையிலேயே வைத்துக்கொள்ளலாம்.